வீட்டுத் தோட்டத்தில் பார்த்தீனியம்: அடையாளம் காண்பது எப்படி, ஒழிப்பது எப்படி

மழை விட்டு இரண்டு வாரம் கழித்துத் தோட்டத்தில் இறங்கிப் பாருங்கள். கீரைப் பாத்தி ஓரத்தில், மதில் அடியில், துணி துவைக்கும் கல்லைச் சுற்றி, தரையோடு தரையாக வட்டமாகப் படர்ந்து ஒரு செடி கிடக்கும். இலை கேரட் இலைபோல வெட்டு வெட்டாக இருக்கும். பார்க்க அழகாகவே இருப்பதால், "விதைக்காமலே ஏதோ பூச்செடி முளைத்திருக்கிறது" என்று அதற்கும் சேர்த்துத் தண்ணீர் ஊற்றுகிறவர்கள் உண்டு. அது பார்த்தீனியம். ஒரு மாதம் விட்டுவைத்தால் இடுப்பளவு வளர்ந்து, வெள்ளை வெள்ளையாகப் பூத்து, அடுத்த பல வருடத்துக்கான விதையைக் கொட்டிவிட்டுத்தான் காயும்.

இதன் சொந்த ஊர் மெக்சிகோ வளைகுடாவை ஒட்டிய வெப்பமண்டல அமெரிக்கா. இந்தியாவில் 1955 வாக்கில் புனேயில் இது பரவிக் கிடந்தது கவனத்துக்கு வந்தது. அமெரிக்காவிலிருந்து இறக்குமதியான கோதுமையோடு வந்தது என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ஆனால் அதற்கு வெகுகாலம் முன்பே இங்கே சேகரித்த செடி மாதிரிகளும் இருக்கின்றன. எப்படி வந்ததோ, இன்று ரயில் பாதை ஓரம், காலி மனை, தரிசு நிலம் என்று அது இல்லாத இடம் குறைவு. இலங்கையிலும் வவுனியா, யாழ்ப்பாணம் பக்கம் இதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

ஒரு விஷயத்தை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இதைப் பூக்கும் முன்பே பிடுங்கிவிட வேண்டும். கீழே சொல்லும் எல்லாமே அதற்கான வழிகள்தான்.

படி 1: இதுதானா என்று உறுதி செய்யுங்கள்

தோட்ட வேலைக்குப் புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான். பார்த்தீனியமாக இருக்குமோ என்று துலுக்க சாமந்தி நாற்றைப் பிடுங்கிப் போடுவதும் நடக்கும், சாமந்தி என்று நினைத்துப் பார்த்தீனியத்தை வளர்ப்பதும் நடக்கும். அதனால் கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள்.

இளம் செடியில் தண்டே தெரியாது. நடுவிலிருந்து இலைகள் நாலாபக்கமும் கிளம்பி, மண்ணை அமுக்கிக்கொண்டு தட்டையாகக் கிடக்கும். ஒவ்வொரு இலையும் ஆழமாகப் பிளந்து, பிளந்த துண்டு மறுபடி பிளந்திருக்கும். நிறம் வெளிறிய பச்சை. வெயிலில் சாய்த்துப் பார்த்தால் மேலே மெல்லிய பூனைமுடி தெரியும்.

மூன்று, நான்கு வாரத்தில் நடுவிலிருந்து தண்டு எழும்பும். தண்டில் நெடுக வரி வரியாகப் பள்ளம் ஓடும். மேலே போகப் போக நிறையக் கிளைக்கும், இலையும் சிறுத்துக்கொண்டே போகும். கிளை நுனியில் கொத்துக் கொத்தாகப் பூ. ஒரு பூ மிளகு அளவுதான் இருக்கும். உற்றுப் பார்த்தால் ஓரத்தில் ஐந்து இடத்தில் மட்டும் குட்டி இதழ் துருத்திக்கொண்டு, முழுப் பூவும் லேசாக ஐங்கோணமாகத் தெரியும். இதை ஒருமுறை பார்த்துவிட்டால் பிறகு பேருந்து ஜன்னலிலிருந்தே அடையாளம் சொல்லிவிடலாம்.

குழப்பக்கூடியவை எவை என்று பார்ப்போம். துலுக்க சாமந்தி, காஸ்மோஸ் நாற்றுகளில் இலைகள் ஒரே கணுவில் எதிரெதிராக, ஜோடியாக வரும். சின்ன வயதிலேயே தண்டு நிமிர்ந்து நிற்கும். பார்த்தீனியத்தில் இலைகள் ஜோடி சேராது, மாறி மாறித்தான் வரும். கேரட் இலை நடுவிலிருந்து நிமிர்ந்து மேலே எழும்பும், தரையில் படுக்காது. தவனம் சாம்பல் பூத்த நிறம், அதன் வாசனை கிட்டப் போனாலே தெரியும். கரிசலாங்கண்ணிக்கும் வெள்ளைப் பூதான், ஆனால் அதன் இலை பிளவே இல்லாமல் நீளமாக இருக்கும். வெட்டுக்காயப் பூண்டில் நீண்ட காம்பின் நுனியில் ஒற்றைப் பூ நிற்கும், நடுவில் மஞ்சள்.

சந்தேகம் வந்தால் இலையைக் கசக்கி முகர்ந்து பார்ப்பது நம் வழக்கம். இந்தச் செடியிடம் அது வேண்டாம். ஏன் என்பது அடுத்த படியில்.

படி 2: கையையும் மூக்கையும் மூடுங்கள்

இந்தச் செடி முழுக்க, இலை மேலிருக்கும் முடி உட்பட, பார்த்தீனின் என்ற நச்சுப் பொருள் இருக்கிறது. தொட்டால் சிலருக்கு அரிப்பு, தடிப்பு, தோல் அழற்சி வரும். மகரந்தம் மூக்கில் ஏறினால் தும்மல், கண் எரிச்சல், ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சுத் திணறல். "நான் எத்தனையோ தடவை வெறுங்கையால் பிடுங்கியிருக்கிறேன், ஒன்றும் ஆகவில்லை" என்று சொல்கிற பெரியவர் ஒருவர் எல்லாத் தெருவிலும் இருப்பார். இந்த ஒவ்வாமை முதல் தொடுதலிலேயே வர வேண்டும் என்பதில்லை. பலமுறை தொட்ட பிறகு ஒருநாள் தொடங்கும், தொடங்கினால் எளிதில் விடாது.

ரப்பர் கையுறை, முழுக்கை சட்டை, மூக்கை மூட முகக்கவசம் போதும். வேலை முடிந்ததும் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள், அந்த உடுப்பைத் தனியாகத் துவையுங்கள். வீட்டில் ஆஸ்துமா உள்ளவர் இருந்தால் இந்த வேலைக்கு அவரை அழைக்காதீர்கள். குழந்தைகளையும்தான்.

படி 3: ஈர மண்ணில், வேரோடு பிடுங்குங்கள்

மழை பெய்த மறுநாள் காலை சரியான நேரம். மழை இல்லையா, முதல் நாள் சாயங்காலமே அந்த இடத்தில் நன்றாகத் தண்ணீர் விட்டு வையுங்கள்.

இலையைப் பிடித்து இழுத்தால் இலை மட்டும் கையோடு வரும். இலைகளை ஒதுக்கிவிட்டு, அவையெல்லாம் வந்து சேரும் கழுத்துப் பகுதியை மண்ணை ஒட்டிப் பிடியுங்கள். இரண்டு பக்கமும் லேசாக ஆட்டி, நேராக மேலே இழுங்கள். இதற்கு ஆணிவேர்; ஈர மண்ணில் வழுக்கிக்கொண்டு முழுசாக வந்துவிடும். வராவிட்டால் பக்கத்தில் களைக்கொத்தியை இறக்கி நெம்புங்கள். வேரின் அடிநுனி அறுந்து உள்ளே தங்கினால் பரவாயில்லை. கழுத்து தங்கினால்தான் மறுபடி துளிர்க்கும்.

அரிவாளால் அறுப்பது, இயந்திரத்தால் வெட்டித் தள்ளுவது இரண்டும் இதற்கு நல்ல வைத்தியம் இல்லை. அறுத்த இடத்துக்குக் கீழிருந்து நாலைந்து கிளை வெடித்து, முன்பைவிடக் குட்டையாக, சீக்கிரமாகப் பூக்கும். பூத்த செடியை இயந்திரத்தால் வெட்டினாலோ விதையைத் தோட்டம் முழுக்க நாமே தூவியது மாதிரி ஆகிவிடும்.

படி 4: ஏற்கனவே பூத்துவிட்டதா?

அப்போது வரிசையைக் கொஞ்சம் மாற்ற வேண்டும். முதலில் பெரிய பிளாஸ்டிக் பையைச் செடியின் தலைமேல் கவிழ்த்து, பூங்கொத்து முழுக்க உள்ளே வரும்படி பையின் வாயைத் தண்டோடு சேர்த்துப் பிடியுங்கள். அப்புறம் வேரோடு இழுங்கள். இப்படிச் செய்தால் முற்றிய விதை கீழே கொட்டாது, மகரந்தமும் முகத்தில் படாது.

ஒரு பூவில் அதிகபட்சம் ஐந்து விதைதான். ஆனால் நன்றாக வளர்ந்த ஒரு செடி 15,000 முதல் 25,000 விதை வரை கொடுக்கும். விதை இரண்டு மில்லிமீட்டர்கூடத் தேறாது, கறுப்பாக இருக்கும். காற்று, தண்ணீர், செருப்பு, வண்டிச் சக்கரம், எது கிடைத்தாலும் ஏறிக்கொண்டு போகும்.

படி 5: பிடுங்கியதை என்ன செய்வது?

பூக்காத செடியை ஒரு நாள் வெயிலில் வேர் மேலே பார்க்கக் காயப் போட்டு, கம்போஸ்ட் குழியில் சாணத்தோடு அடுக்கடுக்காகப் போடலாம். நல்ல உரமாகும். ஜபல்பூரில் உள்ள களை ஆராய்ச்சி இயக்குநரகமே பார்த்தீனியத்தை மட்கவைத்து உரமாக்கும் முறையைப் பரிந்துரைக்கிறது.

பூத்ததைக் கம்போஸ்டில் போடாதீர்கள். வீட்டுக் குழியில் விதை சாகும் அளவுக்குச் சூடு ஏறும் என்று நம்ப முடியாது. உரத்தோடு விதையையும் சேர்த்துப் பாத்தியில் போடுவீர்கள். கறுப்புப் பையில் போட்டு இறுகக் கட்டி, மொட்டை மாடியில் நல்ல வெயிலில் சில வாரம் வைத்துவிட்டுக் குப்பை வண்டியில் கொடுங்கள். குவித்துக் கொளுத்தினால் அந்தப் புகை ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஆகாது. மாடு, ஆட்டுக்குப் போடவும் வேண்டாம், தின்றால் பால் கசக்கும்.

படி 6: மண்ணுக்குள் இருக்கும் விதை

பிடுங்கி முடித்துவிட்டு, தோட்டம் சுத்தமாகிவிட்டது என்று உட்கார்ந்தால் அடுத்த மழைக்கு மறுபடி பச்சை. பார்த்தீனியத்தோடு உண்மையான சண்டை மண்ணுக்குள்தான். மேல்மண்ணில் கிடக்கும் விதை ஈரம் பட்டதும் முளைத்துவிடும். ஆழத்தில் புதைந்தது அங்கே முளைக்காமல், பல வருடம் உயிரோடு காத்திருக்கும். நீங்கள் மண்வெட்டியால் புரட்டும்போது அது மேலே வரும்.

இதையே நமக்குச் சாதகமாக்கலாம். காய்கறி விதைப்பதற்கு முன் பாத்தியைத் தயார் செய்து, எதுவும் விதைக்காமல் தண்ணீர் மட்டும் விடுங்கள். பத்துப் பதினைந்து நாளில் மேல்மண்ணில் இருந்த களை விதையெல்லாம் முளைக்கும். இரண்டு, நான்கு இலைப் பருவத்தில் களைக்கொத்தியால் மேலாகச் சுரண்டிவிடுங்கள், ஒரு அங்குலத்துக்கு மேல் போக வேண்டாம். மறுபடி தண்ணீர், மறுபடி சுரண்டல். இரண்டு மூன்று சுற்று இப்படிச் செய்துவிட்டு, மண்ணைக் கிளறாமல் விதைத்தால் பாதி வேலை முடிந்தது. விதைப்பு ஒரு மாதம் தள்ளிப்போகிறதே என்று அலுத்துக்கொள்வார்கள். தக்காளிக்கு நடுவே உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் களை பிடுங்குவதைவிட அது மேல்.

சித்திரை, வைகாசியில் பாத்தி சும்மா கிடந்தால் இன்னொரு வழி இருக்கிறது. மண்ணை நனைத்து, கண்ணாடிபோலத் தெரியும் பிளாஸ்டிக் தாளை இறுக்கமாக விரித்து, ஓரத்தை மண்ணால் மூடி நாலு முதல் ஆறு வாரம் விட்டுவிடுங்கள். உள்ளே ஏறும் சூட்டில் மேல்மண் விதைகளில் பெரும்பகுதி செத்துவிடும். கறுப்புத் தாளைவிட நிறமில்லாத தாளில்தான் மண் அதிகம் சூடாகும்.

படி 7: வெற்று மண்ணை விடாதீர்கள்

பார்த்தீனியம் வெளிச்சம் படும் காலி மண்ணைத் தேடி வரும் செடி. நிழலில் நோஞ்சானாகிவிடும். செடிகளுக்கு இடையில் காய்ந்த இலை, வைக்கோல், கரும்புச் சோகை எதையாவது மூன்று நான்கு அங்குலம் மூடாக்காகப் போடுங்கள். அடியில் பழைய செய்தித்தாளை நாலைந்து மடிப்பாக விரித்தால் இன்னும் நல்லது.

மூடாக்குப் போட முடியாத மதில் ஓரம், வாசல் பக்கம் போன்ற இடங்களில் முதல் மழையோடு துலுக்க சாமந்தியை நெருக்கமாக விதையுங்கள். தகரையும் பார்த்தீனியத்தை அமுக்கி வைக்கும் செடிதான், ஆனால் அதுவே தோட்டத்தைப் பிடித்துக்கொள்ளும்; வீட்டுக்கு எனக்குச் சாமந்திதான் பிடிக்கும், பூவாவது கிடைக்கும். பாத்தி சும்மா இருக்கும் மாதங்களில் தட்டைப்பயறோ சணப்பையோ போட்டு வையுங்கள்.

உப்புத் தண்ணீர், களைக்கொல்லி பற்றி

ஒரு லிட்டர் தண்ணீருக்கு 200 கிராம் உப்பு, கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து தெளிக்கும் முறை தரிசு நிலத்துக்குப் பரிந்துரைக்கப்படுவதுதான். செடி கருகும் என்பதும் உண்மை. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள்: பத்து லிட்டர் தெளிப்பானுக்கு இரண்டு கிலோ உப்பு. அது அத்தனையும் உங்கள் மண்ணில்தான் இறங்கும், அங்கே பிறகு கீரைகூடச் சரியாக வராது. சிமெண்ட் தளத்தின் வெடிப்பில் முளைத்ததற்கு வேண்டுமானால் ஊற்றுங்கள்.

களைக்கொல்லிகளில் 2,4-டி தெளித்தால் காற்றில் மிதந்து போய்த் தக்காளிச் செடியைச் சுருட்டிவிடும். கிளைபோசேட்டை 2022 அக்டோபரில் மத்திய அரசு கட்டுப்படுத்தி, பூச்சிக் கட்டுப்பாட்டுத் தொழில் செய்வோர் வழியாகத்தான் பயன்படுத்த வேண்டும் என்று ஆணையிட்டது. நாலு சென்ட் தோட்டத்துக்கு இதெல்லாம் தேவையே இல்லை.

மழைக்காலத்தில் பார்த்தீனிய இலையை, வெளிர் உடம்பில் பழுப்புக் கோடு போட்ட ஒரு குட்டி வண்டு சல்லடையாக்கிக்கொண்டிருந்தால் அதைத் தொந்தரவு செய்யாதீர்கள். 1983-இல் மெக்சிகோவிலிருந்து வரவழைத்து, 1984-இல் பெங்களூருப் பக்கம் இதற்காகவே விட்ட மெக்சிகன் வண்டு அது. வெயில் காலத்தில் மண்ணுக்குள் போய்ப் படுத்துவிடும். வண்டு இருக்கிறதே என்று நீங்கள் பிடுங்குவதை நிறுத்திவிட வேண்டாம், அது தின்று முடிப்பதற்குள் செடி பூத்துவிடும்.

படி 8: திரும்ப வராமல் பார்த்துக்கொள்வது

மழைக்காலம் முழுக்க 15 நாளுக்கு ஒருமுறை தோட்டத்தை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். முளைத்து நாலு முதல் ஆறு வாரத்தில் பூத்துவிடும் என்பதால் மாதம் ஒருமுறை பார்த்தால் போதாது. முதல் வருடம் கூடை கூடையாக வரும், விடாமல் பிடுங்கினால் வருடா வருடம் குறையும்.

புதிதாக விதை நுழைவது பெரும்பாலும் லோடு மண், ஆட்டு எரு, நர்சரித் தொட்டி வழியாகத்தான். எருவை மொத்தமாகக் கொட்டுவதற்கு முன் ஒரு தட்டில் கொஞ்சம் பரப்பி, இரண்டு வாரம் ஈரமாக வைத்து என்ன முளைக்கிறது என்று பாருங்கள். நர்சரியில் செடி வாங்கும்போது தொட்டியின் மேல்மண்ணையும் ஒரு பார்வை பாருங்கள்; ரோஜாவுக்குப் பக்கத்தில் அந்த வெட்டு இலை இலவசமாக வந்திருக்கும்.

பக்கத்துக் காலி மனைதான் பலருக்கும் தலைவலி. உரிமையாளர் வெளியூரில் இருப்பார், செடி மதிலைத் தாண்டி எட்டிப் பார்க்கும். பூப்பதற்கு முன்பே ஒரு போட்டோ எடுத்து அவருக்கு அனுப்பி, ஆள் விட்டுப் பிடுங்கச் சொல்லுங்கள். ஆகஸ்ட் 16 முதல் 22 வரை நாடு முழுக்கப் பார்த்தீனிய விழிப்புணர்வு வாரம் நடக்கும், உள்ளாட்சியில் மனு கொடுக்க அது தோதான நேரம். எதுவும் நடக்கவில்லையென்றால், அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு உங்கள் மதிலை ஒட்டிய பத்தடியையாவது நீங்களே பிடுங்கிவிடுங்கள். பெரும்பாலான விதை தாய்ச்செடிக்குப் பக்கத்திலேயேதான் விழும், அந்தப் பத்தடியே நிறையத் தடுக்கும்.