தாமரைக்க விரால் அடிக்க றீல் வாங்கிறீங்களோ? இந்தப் பிழையளை விடாதேங்கோ

மாரி மழை முடிஞ்சு குளமெல்லாம் நிரம்பினால் காணும், யாழ்ப்பாணத்துப் பொடியள் மோட்டச்சைக்கிள்ள தூண்டில் றொட்டைக் கட்டிக்கொண்டு இரணைமடு, வவுனிக்குளம் எண்டு விடியமுன்னமே வெளிக்கிட்டிடுவாங்கள். நல்ல விசயம்தான். ஆனா கையில கிடக்கிற றீலைப் பாத்தால் எனக்கு வயித்தெரிச்சல். எங்கட செட் முந்தி காசைக் கரியாக்கின அதே பிழையள்தான், ஒண்டும் மாறேல்லை.

நூல் சிக்கிறது, பிரேக் வைக்கிறது பற்றியெல்லாம் இதில எழுதேல்லை. அது எறிய எறிய வரும். பிழையான றீலை வாங்கிப்போட்டு எவ்வளவு எறிஞ்சாலும் அது சரியான றீலா மாறாது, அதுதான் கதை.

நான் சொல்லுறது பெய்ட்காஸ்டர், அதாவது றொட்டுக்கு மேல இருந்து, எறியேக்க ஸ்பூல் (நூல் சுத்தின உருளை) தானே சுத்தி நூல் விடுற றீல். அதைப் பற்றி இணையத்தில கிடக்கிற வீடியோக்கள் கனக்க அமெரிக்காவில லார்ஜ்மவுத் பாஸ் பிடிக்கிறவையின்ர. அந்த மீன் எங்கட குளத்தில இல்லை. ஆனா அவை அடர்ந்த பாசிக்கு மேல ரப்பர் தவளையை இழுத்துப் பிடிக்கிற முறை எங்கட தாமரைக்க விராலுக்கு அப்பிடியே பொருந்தும். விரால் அடிச்ச உடன தலையைக் கீழ குத்தித் தண்டுக்கிடையில போயிடும். அதின்ர தலையைத் திருப்ப உங்களுக்குக் கிடைக்கிறது ரெண்டு மூண்டு செக்கன்தான். அந்த ரெண்டு மூண்டு செக்கனுக்குத்தான் நீங்கள் காசு குடுக்கிறீங்கள், தூர எறியிறதுக்கில்லை.

பேரிங் எண்ணி வாங்கிறது

இதைத்தான் முக்கியமாச் சொல்ல வந்தனான். போன முறை வவுனிக்குளக் கட்டில ஒரு பொடியன், நல்ல பிள்ளை, புது றீலைக் கொண்டுவந்து காட்டுறான். "அண்ணை, 18+1 பேரிங், ட்ராக் 10 கிலோ, நீங்கள் வச்சிருக்கிறதின்ர பாதி விலையும் இல்லை." (ட்ராக் எண்டால் மீன் இழுக்கேக்க நூல் எவ்வளவு இறுக்கத்தில வெளிய போகோணும் எண்டு வைக்கிற பிடி.) சுத்திப் பாத்தன், வெண்ணெய் மாதிரித்தான் சுத்துது. கையில எடுத்த உடனயே பிரேம் பிளாஸ்ரிக் எண்டு விளங்கிட்டுது, ஆனா வந்த சந்தோசத்தில இருக்கிறவனிட்ட என்னத்தைச் சொல்லுறது.

வெயில் ஏறமுன்னம் அடிச்சுது பாருங்கோ ஒரு விரால், தாமரை இலையோட சேத்துத் தவளையை விழுங்கினது. பொடியன் ட்ராக்கை இறுக்கி வச்சிருந்தவன், றொட்டைத் தூக்கினான், எல்லாம் சரி, சுத்தப் போகேக்க கறக் கறக் எண்டு சத்தம், பிறகு கைபிடி தன்ர பாட்டில பின்னுக்குச் சுத்துது, அந்த இடைவெளிக்க மீன் தண்டைச் சுத்திட்டுது. பிறகென்ன, நூலைக் கையில பிடிச்சு இழுத்து, தவளையும் போய், மீனும் போய். இறங்கி எடுக்கப் போறன் எண்டு வேற நிண்டவன், முதலை இருக்கிற குளம் எண்டு பேசித்தான் மறிச்சது. றீலைக் கழட்டிப் பாத்தால் கியர்ப் பல்லு ஒருபக்கம் வழிச்சு விட்டமாதிரிக் கிடக்கு.

இப்ப இந்த 18+1 ஐக் கவனியுங்கோ. எறியிறதுக்கு உண்மையா உதவிறது ஸ்பூலை ரெண்டு பக்கமும் தாங்கிற பேரிங்தான். மிச்சத்தில கனக்கக் கைபிடிக் குமிழுக்கையும் அங்கையும் இங்கையும் செருகி நம்பரை ஏத்திறது. ஷிமானோ எஸ்எல்எக்ஸ் 150 றீலை எடுத்துப் பாருங்கோ, பேரிங் 3+1, ட்ராக் 12 பவுண்ட், அதாவது அஞ்சரைக் கிலோவும் வராது. அதை வச்சு ஆக்கள் பெரிய பெரிய மீன் எடுக்கினம். பெட்டியில 10 கிலோ எண்டு அடிக்க மை மட்டும் காணும்.

அந்த +1 எண்டு போடுறது என்ன தெரியுமோ, கைபிடி பின்னுக்குச் சுத்தாமப் பிடிக்கிற ஒருவழிக் கிளச் பேரிங். பொடியன் 18 ஐப் பாத்து வாங்கினவன், அவனைக் கைவிட்டது அந்த ஒண்டு.

கியர் ஏன் வழிஞ்சது? றீல்ன்ர கால் றொட்டோட இறுகிக் கிடக்கு, மீன் ஸ்பூலை முன்னுக்கு இழுக்குது, நீங்கள் பக்கத்தில இருந்து கைபிடியை அமத்துறீங்கள். பிரேம் பிளாஸ்ரிக் எண்டால் அந்த இடத்தில கொஞ்சம் முறுகும், கண்ணுக்குத் தெரியாது. ஆனா உள்ளுக்க பெரிய கியரும் பினியன் எண்ட சின்னக் கியரும் விலகி, பல்லு நுனியில மட்டும் தொட்டுக்கொண்டு நிக்கும், அந்த நுனி எவ்வளவைத் தாங்கும்? திறந்த தண்ணியில ட்ராக்கை இளக்கி விட்டு ஆறுதலாப் பிடிச்சால் இதே றீல் கனகாலம் ஓடும், அதால கடைக்காரரும் பொய் சொல்லேல்லை எண்டுதான் வரும். தாமரைக்க ட்ராக்கை இறுக்கித்தான் ஆகோணும், அங்கதான் வெளிக்கும்.

ஆகவே கேக்க வேண்டியது பேரிங் எத்தினை எண்டில்லை. பக்க மூடி பிளாஸ்ரிக்கா இருந்தாப் பரவாயில்லை, நடுவில ஸ்பூலைத் தாங்கிற சட்டம் அலுமினியமா? பெரிய கியர் பித்தளையா? கடையிலயே ரெண்டு பக்கத்தையும் உள்ளங்கையால அமத்திப் பாருங்கோ, நெளியுதெண்டால் வச்சிட்டு வாங்கோ. நூல் சுத்தின றீல் எண்டால் ட்ராக்கை இறுக்கி, கையில துணியைச் சுத்திக்கொண்டு நூலைப் பிடிச்சு ஒரே சீரா இழுங்கோ. கைபிடி பின்னுக்கு அசையவே கூடாது. கடைக்காரர் முறைச்சுப் பாப்பார், பாக்கட்டும்.

இடக்கையோ வலக்கையோ

கனடாவில இருக்கிற சித்தப்பாட்டச் சொல்லி எடுப்பிக்கிறவை கட்டாயம் இதைச் சொல்லி விடுங்கோ. ஸ்பின்னிங் றீல்ல மாதிரிக் கைபிடியைக் கழட்டி மற்றப் பக்கம் மாட்ட ஏலாது. ஷிமானோவில 150 எண்டால் வலக்கையால சுத்திறது, 151 எண்டால் இடக்கை. ஒரு இலக்கம்தான், பாசல் வந்தாப்பிறகு திருப்பி அனுப்ப முடியாது.

8:1 எண்டால் வேகம் எண்டு நினைக்கிறது

8:1 எண்டால் கைபிடி ஒருக்காச் சுத்தேக்க ஸ்பூல் எட்டுத்தரம் சுத்தும். ஆனா ஸ்பூல்ன்ர விட்டத்தையும் பாருங்கோ. 34 மில்லிமீற்றர் ஸ்பூல்ல 7.2:1 எண்டால் ஒரு சுத்துக்குக் கிட்டத்தட்ட 77 சென்ரிமீற்றர் நூல் வரும். 28 மில்லிமீற்றர் ஸ்பூல்ல 8:1 எண்டால் 70 தான் வரும். நம்பர் பெரிசு, வாற நூல் குறைவு, அதிலயும் ஸ்பூலை அரைவாசி நிரப்பினால் இன்னும் குறையும். தவளைக்கு 7 க்கு மேல, 34 மில்லிமீற்றர் அளவில ஸ்பூல் இருந்தாக் காணும். 8 க்கு மேல போனால் வேகம் வரும், பாசியோட சேத்து மீனை இழுக்கேக்க கை நோகும். எனக்கு 7 தான் பிடிக்கும், சண்டைக்கு வாறவை வரலாம்.

பி.எஃப்.எஸ் றீல்

பாரம் குறைஞ்ச சின்ன இரையை எறியச் செய்த றீல் இது. தாமரைக்க வேண்டாம்.

ட்ராக் போட்டுது எண்டு றீலை மாத்திறது

முதல் நூலைப் பாருங்கோ. பிரெயிட்டை (பின்னல் நூலை) நேர ஸ்பூல்ல கட்டினால் முழு நூலும் ஒரு கட்டா ஸ்பூல்ல வழுக்கிச் சுத்தும், ட்ராக் பிடிக்கேல்லை மாதிரியே இருக்கும். அடியில கொஞ்சம் தங்கூசி சுத்திப்போட்டு அதில பிரெயிட்டைக் கட்டுங்கோ. 50 பவுண்டுக்குக் குறைஞ்ச மெல்லிசு பிரெயிட் இறுக்கி இழுக்கேக்க தனக்குள்ளயே புதையும், அடுத்த எறியில தெரியும் கூத்து.

அதே றீலோட தொண்டைமானாறுக்குப் போறது

கண்டல் ஓரம் கொடுவாவுக்கும் இதே பலம்தான் வேணும், அதால ஒரே றீல் எண்டு யோசிக்கிறது சரி. ஆனா மக்னீசியம் பிரேம் எண்டு பெருமையா எழுதிக் கிடந்தால் உப்புத்தண்ணிக்குக் கொண்டு போகாதேங்கோ, பூச்சில ஒரு கீறல் விழுந்தாலே அரிக்கத் தொடங்கிடும். அலுமினியமும் கழுவாட்டில் போகும்தான். வீட்ட வந்து ட்ராக்கை இறுக்கிப்போட்டு நல்ல தண்ணியை மெல்ல ஊத்துங்கோ, குழாயால பீச்சினால் உப்பு உள்ளுக்கதான் போகும். துடைச்சு நிழல்ல காயவிட்டு, பிறகு ட்ராக்கை இளக்கி வையுங்கோ.