விக்டோரியாவில் சொந்த நிலத்து மரம், புதர்களை அகற்றுமுன்: தொடக்க நிலையினருக்கான செய்முறை

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் ஓர் ஏக்கர் நிலம் என்பது ஏறத்தாழ 4,047 சதுர மீட்டர். அந்த மண்ணுக்கே உரிய தாவரங்களை அகற்றத் திட்டமிடல் அனுமதி தேவைப்படும் நிலப்பரப்பு வரம்போ 4,000 சதுர மீட்டரில் தொடங்குகிறது. அந்த நாற்பத்தேழு சதுர மீட்டரைக் கவனியாமல் இயந்திரத்தை வரவழைத்து, பிறகு உள்ளாட்சி அமைப்பான கவுன்சிலின் கடிதத்தோடு அலைய வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதல் படி, நிலத்தை அறிதல். அரசின் விக்பிளான் இணையதளத்தில் முகவரியை இட்டால், சொத்துக்கான திட்டமிடல் அறிக்கை இலவசமாகக் கிடைக்கும். அதில் ‘ஓவர்லே’ என்ற கூடுதல் கட்டுப்பாடு ஏதேனும் உள்ளதா என்று பாருங்கள். தாவரப் பாதுகாப்பு ஓவர்லே இருந்தால், நிலம் சிறியதானாலும் அனுமதி தேவைப்படலாம். பக்கத்து மனையும் உங்கள் பெயரிலேயே இருந்தால், இரண்டின் பரப்பும் சேர்த்தே கணக்கிடப்படும்.

இரண்டாம் படி, விலக்குகளைச் சரிபார்த்தல். பலர் தவறுவது இங்கேதான். 173 உயிர்களைப் பறித்த 2009 பிப்ரவரிக் காட்டுத்தீக்குப் பின், வீட்டைச் சுற்றித் தாவரங்களை அகற்ற விலக்கு வந்தது. காட்டுத்தீ அபாயப் பகுதியில், 2009 செப்டம்பர் 10-க்கு முன் கட்டிய குடியிருப்பிலிருந்து 10 மீட்டருக்குள் எந்தத் தாவரத்தையும், 30 மீட்டருக்குள் மரங்கள் நீங்கலாக மற்றவற்றையும் அகற்றலாம். பன்னிரண்டாவது மீட்டரில் நிற்கும் யூகலிப்டஸ் இந்த விலக்குக்குள் வராது.

பட்ட மரம்தானே என்றும் எண்ணிவிட வேண்டாம். தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் அதன் விட்டம் 40 சென்டிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தால், பட்ட தாவரங்களுக்கான விலக்கு அதற்குப் பொருந்தாது. விட்டத்தை நேரடியாக அளப்பது கடினம் என்பதால், அந்த உயரத்தில் அளவுநாடாவைத் தண்டைச் சுற்றிப் பிடியுங்கள்; 126 சென்டிமீட்டர் காட்டினால் வரம்பைத் தொட்டுவிட்டது. இப்படிப்பட்ட பெரிய பட்ட மரங்களின் பொந்துகளில்தான் கிளிகளும், ‘பாசம்’ (possum) எனப்படும் மரவாழ் விலங்குகளும் குடியிருக்கின்றன. சட்டம் இதைக் காப்பது முற்றிலும் நியாயம் என்பதே என் எண்ணம்.

மூன்றாம் படி, சான்று சேர்த்தல். வெட்டுவதற்கு முன்பே, அளவுநாடா தெரியும்படி, தேதியுடன் படங்கள் எடுத்து வையுங்கள். வெட்டிய பின் அங்கே என்ன நின்றது என்பதை நிறுவுவது மிகவும் கடினம்.

விலக்கு இல்லையெனில் கவுன்சிலிடம் விண்ணப்பிக்க வேண்டும். அகற்றலை எப்படித் தவிர்க்க முயன்றீர்கள், எப்படிக் குறைத்தீர்கள், எஞ்சியதை எப்படி ஈடுசெய்வீர்கள் என்ற வரிசையில்தான் அது ஆராயப்படும். கொட்டகையைச் சற்று நகர்த்தினால் மரம் தப்பும் என்றால், நகர்த்திய வரைபடத்தையே கொடுங்கள். ஈடுசெய்வது பற்றிய பேச்சு அதற்குப் பிறகு வரட்டும்.

கவுன்சில் மறுத்தால், அறிவிப்புக் கிடைத்த 60 நாட்களுக்குள், வீகேட் எனப்படும் மாநிலத் தீர்ப்பாயத்தில் மறுஆய்வு கோரலாம். அங்கே விண்ணப்பத்தின் தகுதி புதிதாக எடைபோடப்படும். வழக்கறிஞர் இன்றி நீங்களே வாதிடவும் முடியும்.

அனுமதியின்றி அகற்றிவிட்டதாகப் புகார் எழுந்தால் நிலைமை வேறு. கவுன்சில் மட்டுமன்றி அண்டை வீட்டாரும் வீகேட்டில் அமலாக்க ஆணை கேட்கலாம். வெட்டியவர் ஒப்பந்தக்காரர் என்றாலும், ஆணை நில உரிமையாளர் மீதும் பிறப்பிக்கப்படலாம். நிலத்தை இயன்றவரை முன்பிருந்த நிலைக்கு மீட்டுத் தரவும் அது பணிக்கலாம். ஆகவே ஒப்பந்தக்காரரிடம் எந்தெந்த மரங்கள் என்பதை எழுத்தில் கொடுங்கள். நிற்க வேண்டியவற்றுக்கு நிற நாடா கட்டிய பிறகே இயந்திரத்தை உள்ளே விடுங்கள்.