போட்டோ எடிட்டிங் திரையை மாற்றியமைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழும்பில் கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தைப் பக்கம் கல்யாண அல்பம் செய்கிறவர்களிடம் பேசினால் ஒரு முறைப்பாடு கட்டாயம் வரும்: "மொனிட்டரில் பளிச்சென்று இருந்தது, பிரிண்ட் இருட்டடித்து வந்திருக்கிறது." பழி நேரே லேபுக்குப் போகும். லேபிலும் பிழை இருக்கலாம்தான். ஆனால் பல நேரம் காரணம் எடிட் செய்தவரின் திரையிலேயே, அதுவும் படத்தைச் சுற்றியிருக்கும் நிறத்தில் இருக்கிறது. மென்பொருளின் தோற்றத்தை மாற்றுவதைப் பலர் பொழுதுபோக்காகச் செய்கிறார்கள். கண் எப்படிப் பார்க்கிறது, கை எங்கே போகிறது என்பதையெல்லாம் அந்த மாற்றங்கள்தான் முடிவு செய்கின்றன. அதனால் கொஞ்சம் யோசித்துச் செய்ய வேண்டிய வேலை இது.

கறுப்புப் பின்னணி

2012இல் வந்த போட்டோஷொப் சிஎஸ்6இலிருந்து இருண்ட திரைதான் வழக்கமாகிவிட்டது. பிரிபரன்ஸ் பகுதியில் இன்டர்ஃபேஸ் என்ற இடத்துக்குப் போனால் நான்கு சாயல்கள் இருக்கும். பெரும்பாலானவர்கள் கண்ணை மூடிக்கொண்டு மிகக் கறுப்பானதைத் தெரிவு செய்கிறார்கள். பார்க்க அழகுதான். ஆனால் கறுப்பு நடுவே வைத்த படம் உண்மையில் இருப்பதைவிட வெளிச்சமாகவும், கொன்ட்ராஸ்ட் குறைந்தது போலவும் தெரியும். கண் சுற்றுப்புறத்தோடு ஒப்பிட்டுத்தான் வெளிச்சத்தை அளக்கிறது. உடனே என்ன செய்வோம்? நிழலை இன்னும் இறக்குவோம், கொன்ட்ராஸ்டை ஏற்றுவோம். அதே படம் அல்பத்தின் வெள்ளைத்தாளில், வீட்டு ஹோல் வெளிச்சத்தில் திறக்கப்படும்போது மாப்பிள்ளையின் தலைமயிரும் மணவறைத் தூணும் ஒரே கறுப்பாகக் கலந்துவிடும். அரக்குக் கூறையின் மடிப்புகள் காணாமல் போகும்.

தீர்வு சுலபம். போட்டோஷொப்பில் படத்துக்கு வெளியே உள்ள வெற்றிடத்தில் வலது கிளிக் செய்தால் அந்த இடத்தின் நிறத்தை மட்டும் தனியாக மாற்றலாம். லைட்ரூம் கிளாசிக்கிலும் அப்படியே. நிறம் திருத்தும்போது நடுத்தரச் சாம்பல் வையுங்கள். பிரிண்டுக்கு அனுப்ப முன் ஒரு தடவை வெள்ளைக்கு மாற்றிப் பாருங்கள். பெனல்கள் கறுப்பாகவே இருந்துவிட்டுப் போகட்டும். டார்க்டேபிள் என்ற இலவச மென்பொருளைப் பாவிக்கிறவர்களுக்கு வேலை இன்னும் குறைவு: கன்ட்ரோல் + பி (B) அழுத்தினால் படம் சிறிதாகி, வெள்ளைச் சட்டமும் அதைச் சுற்றிச் சாம்பலும் வந்து நிற்கும். இந்தத் தேவைக்கென்றே வைத்த வசதி அது.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று, மொனிட்டரின் வெளிச்சம். பிரிண்ட் வேலைக்குப் பொதுவாகச் சொல்லப்படும் அளவு சதுர மீற்றருக்கு 80 முதல் 120 கெண்டெலா. அளக்கும் கருவி இல்லாவிட்டால், திரையில் வெறும் வெள்ளைக் கோப்பு ஒன்றைத் திறந்து, பக்கத்தில் வெள்ளைத்தாள் ஒன்றைப் பிடித்து, இரண்டும் கிட்டத்தட்ட ஒரே வெளிச்சமாகத் தெரியும்வரை மொனிட்டரைக் குறையுங்கள். துல்லியமான வழி இல்லை. முழு வெளிச்சத்தில் வேலை செய்வதைவிட எவ்வளவோ மேல். மற்றது, விண்டோஸின் நைட் லைட். இரவில் திரை மஞ்சளாக மாறுவது கண்ணுக்கு இதம், ஆனால் அந்த மஞ்சளைச் சரிக்கட்ட நீங்கள் படத்தில் நீலத்தைக் கூட்டிவிடுவீர்கள். எடிட் செய்யும் மெஷினில் அது நிறுத்தப்பட்டே இருக்க வேண்டும்.

ஒரு மெஷின், பல கைகள்

இங்கே சின்ன ஸ்டூடியோக்களில் ஆளுக்கொரு கொம்பியூட்டர் கிடையாது. பகலில் ஒருவர் பாஸ்போர்ட் படம் வெட்டுவார், பின்னேரம் இன்னொருவர் அல்பம் போடுவார், இடையில் பயிற்சிக்கு வந்த தம்பி ஏதாவது பழகுவார். ஒவ்வொருவரும் பெனல்களைத் தன் வசதிக்கு இழுத்துவிட்டுப் போவதுதான் பெரிய தவறு. அடுத்து வந்து உட்காருகிறவர் லேயர் பெனலைத் தேடுவதிலேயே நேரத்தைத் தொலைக்கிறார்.

போட்டோஷொப்பின் வின்டோ மெனுவில் வேர்க்ஸ்பேஸ் என்பதற்குள் பெனல்களின் அமைப்பைப் பெயரிட்டுச் சேமிக்கலாம். பெயர் ஆளுடையதாக இருப்பதைவிட வேலையுடையதாக இருப்பது நல்லது: "பாஸ்போர்ட்", "அல்பம்", "பனர்". பாஸ்போர்ட் வேலைக்கு 35க்கு 45 மில்லிமீற்றர் கிரொப்பும் நாலைந்து டூலும் போதும். அங்கே பிரஷ் பெனலுக்கு வேலையே இல்லை. சேமிக்கும்போது கீபோர்ட் ஷோர்ட்கட், மெனு, டூல்பார் ஆகியவற்றையும் சேர்க்கவா என்று கேட்கும். அந்தக் கட்டங்களைக் கவனிக்காமல் ஓகே கொடுக்கிறவர்கள்தான், "வேர்க்ஸ்பேஸை மாற்றினேன், டூல்பார் மட்டும் மாறவில்லையே" என்று பிறகு கேட்பார்கள். பெனல்கள் கலைந்துபோனால் அதே மெனுவில் ரீசெட் இருக்கிறது. நீங்கள் சேமித்த நிலைக்கே திரும்பிவிடும். சேமிக்காமல் மாற்றிக்கொண்டே போனால் திரும்ப உங்கள் இடமென்று ஒன்று இருக்காது.

பொது மெஷினில் அடிப்படை ஷோர்ட்கட்களில் கை வைக்காதீர்கள். சும்மா கிடக்கும் விசைகளுக்குப் புது வேலை கொடுங்கள், பி (B), வி, கன்ட்ரோல் + ஜே போன்றவற்றை விட்டுவிடுங்கள். மாற்றியே ஆக வேண்டுமென்றால் தனி செட்டாகச் சேமியுங்கள்.

பழுதென்று நினைக்கும் விசைகள்

"போட்டோஷொப் பழுதாகிவிட்டது அண்ணா" என்று சொல்லப்படுபவற்றில் பாதி, தெரியாமல் தட்டுப்பட்ட ஒரு விசையால் வந்தவை. டாப் விசை எல்லாப் பெனல்களையும் மறைக்கும். எஃப் திரையின் முறையை மாற்றும். கெப்ஸ் லொக் போட்டிருந்தால் பிரஷின் வட்டம் மறைந்து வெறும் சிலுவைக்குறி வரும். இவற்றுக்காக முழு அமைப்பையும் அழித்து மென்பொருளைத் திரும்பப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதே விசையை மீண்டும் (எஃப் என்றால் இரண்டு தடவை) தட்டினால் போதும்.

இன்னொன்று கொஞ்சம் நுணுக்கமானது. 2018 ஒக்டோபரில் வந்த பதிப்பில் இரண்டு பழக்கங்கள் மாறின. கன்ட்ரோல் + இசட் முன்பு கடைசி ஒரு படியை மட்டும் மீட்டுக்கொடுத்தது. இப்போது அழுத்த அழுத்தப் பின்னோக்கிப் போகும். டிரான்ஸ்ஃபோர்மில் முன்பு ஷிஃப்ட் அழுத்தினால் படத்தின் விகிதம் காக்கப்படும். இப்போது அழுத்தாமலே காக்கப்படும், அழுத்தினால் கெடும். பழைய பாடத்தைப் பார்த்துப் பழகிய கை தன்னாலே ஷிஃப்ட்டுக்குப் போகிறது, அல்பத்தில் மாமியின் முகம் அகலமாகிவிடுகிறது. பழைய பழக்கமே வேண்டுமென்றால் லெகசி என்ற பெயரில் அதைத் திரும்ப எடுக்கலாம்: டிரான்ஸ்ஃபோர்முக்குப் பிரிபரன்ஸில், கன்ட்ரோல் + இசட்டுக்கு எடிட் மெனுவின் கீபோர்ட் ஷோர்ட்கட்ஸில். ஆனால் ஒரே ஸ்டூடியோவில் ஒரு மெஷின் பழையபடியும் மற்றது புதியபடியும் இருப்பதைப் போலத் தொல்லை வேறில்லை. ஒன்றைத் தீர்மானித்து எல்லாவற்றிலும் அதையே வையுங்கள்.

தமிழ் எழுத்து உடைவது

சாமத்திய வீட்டு பனருக்கு "கொழும்பு" என்று யூனிகோடில் தட்டினால் பழைய பதிப்புகளில் கொம்பு இடம் மாறி நிற்கும். எழுத்துருதான் பிழை என்று முடிவுகட்டி, யூனிகோட் அல்லாத பழைய பாமினி எழுத்துருவுக்கே திரும்பிவிடுகிறவர்கள் ஏராளம். எழுத்துருவில் குறையில்லை. பிரிபரன்ஸில் டைப் பகுதிக்குப் போய், தெற்காசிய எழுத்துகளுக்கான தெரிவை இயக்கிவிட்டு, புதிய கோப்பொன்றைத் திறந்து தட்டிப் பாருங்கள். கொம்பு தன் இடத்துக்கு வந்துவிடும். ஏற்கெனவே தட்டிய வரி சரியாகாவிட்டால் பரகிராஃப் பெனலின் மெனுவில் வேர்ல்ட்-ரெடி லேஅவுட் கொடுக்க வேண்டும். பாமினியில் தட்டிய பெயரை வாட்ஸ்அப்பில் வந்த பட்டியலோடு ஒப்பிடவோ தேடவோ முடியாது என்பதால், இந்த ஒரு மாற்றத்துக்குச் செலவிடும் நேரம் வீண் போகாது.

கிம்ப் பாவிப்பவர்களுக்கு

2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு டொலரில் சந்தா கட்டுவது பலருக்குக் கனவாகிவிட, இலவசமான கிம்ப் பக்கம் வந்தவர்கள் உண்டு. முதல் நாளே அதை முழுக்க போட்டோஷொப் போல மாற்றிவிட முயல்வார்கள். வேண்டாம். ஒரே மாதிரித் தெரிந்தும் வேறு மாதிரி நடக்கும் திரைதான் கையை அதிகம் குழப்பும். 2.10 பதிப்பில் டூல் படங்கள் சாம்பலாகத் தெரிந்தால் ஐகொன் தீமை நிறமுள்ளதாக மாற்றலாம். 2020இல் டூல்கள் குழுக்களுக்குள் போய்விட்டன. தேடிக் களைத்தால் டூல்பொக்ஸ் அமைப்பில் குழுவாக்குவதை நிறுத்தலாம். மூடப்பட்டுப்போன பெனல், வின்டோஸ் மெனுவில் அண்மையில் மூடியவை என்ற பட்டியலில் இருக்கும். இவ்வளவும் செய்துவிட்டு மற்றதைக் கொஞ்ச நாள் அப்படியே பாவித்துப் பாருங்கள்.

கடைசியாக, விண்டோஸைத் திரும்பப் போடக் கொடுக்கும்போது படங்களை மட்டும் வேறு டிரைவுக்கு மாற்றிவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். வேர்க்ஸ்பேஸ், ஷோர்ட்கட், பிரஷ் எல்லாம் சி டிரைவில் அப்டேட்டா கோப்புறைக்குள் இருப்பவை, ஃபோர்மட்டோடு போய்விடும். போட்டோஷொப்பில் எடிட் மெனுவின் பிரிசெட்ஸ் பகுதியில் ஏற்றுமதி வசதி இருக்கிறது. கிம்ப்பில் பதிப்பு எண்ணோடு இருக்கும் அதன் கோப்புறையை முழுதாகப் பிரதி எடுத்தால் சரி. பென் டிரைவில் ஒரு பிரதி, கூகுள் டிரைவில் ஒரு பிரதி வைத்து, மெஷினைக் கொடுக்கும் முன் இரண்டும் திறக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள்.