'லியர் மன்னன்' படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஷேக்ஸ்பியரின் இந்த நாடகத்தைப் பாதியில் விட்டவர்கள் பலர் முதல் காட்சியிலேயே விட்டிருப்பார்கள். எண்பது தாண்டிய ராஜா மூன்று மகள்களையும் சபையில் நிறுத்தி, யாருக்கு என்மேல் அன்பு அதிகம், சொல்லுங்கள், அதைப் பார்த்து நாட்டைப் பிரிக்கிறேன் என்கிறார். மூத்தவர்கள் தேன் ஒழுகப் பேச, கடைசி மகள் கார்டீலியா "ஒன்றுமில்லை" என்கிறாள், அவளை வெறுங்கையோடு அனுப்பிவிடுகிறார். பாட்டி சொல்லும் கதை மாதிரி இருக்கிறதே என்றுதான் எனக்கும் பட்டது. கிழவர்மேல் துளி இரக்கம் வரவில்லை. சரி, வரவேண்டாம். பிடிக்கவில்லை என்று அங்கேயே மூடி வைப்பதுதான் தவறு, ஏனென்றால் நாடகம் அந்தப் பிடிக்காத மனிதரிலிருந்துதான் கிளம்புகிறது.

கதைச் சுருக்கத்தை முதலில் படிக்காதீர்கள். அடிக்குறிப்புகளையும் ஒரு காட்சியை முழுதாக முடித்த பிறகு பாருங்கள்.

அப்புறம், நியாயம் யார் பக்கம் என்று அவசரப்பட்டு முடிவு கட்டுவது. அப்பா நூறு வீரர்களோடு வந்து தங்கினால் மூத்த மகள் கானரிலுக்கு எரிச்சல் வராதா என்று தோன்றும். தோன்றட்டும், ஆனால் இரண்டாம் அங்கத்தின் கடைசிக் காட்சியை மட்டும் மெதுவாகப் படியுங்கள். கானரில் ஏற்கெனவே பாதிப் பேரைக் குறைத்துவிட்டாள். 25 பேர் போதும் என்கிறாள் இரண்டாவது மகள் ரீகன். உடனே கிழவர் கானரிலிடம் திரும்பி, உன் ஐம்பது இவளுடைய இருபத்தைந்தைப் போல இரண்டு மடங்கு, அப்படியானால் உன் அன்பும் இரண்டு மடங்கு என்கிறார். இருபத்தைந்து எதற்கு, பத்து எதற்கு, ஐந்துதான் எதற்கு என்கிறாள் கானரில். ஒருவன் எதற்கு என்று முடிக்கிறாள் ரீகன். அன்பைத் தராசில் வைத்தவரே அவர்தான், இப்போதும் அதே தராசைத்தான் பிடித்துக்கொண்டு நிற்கிறார். எனக்கு மனம் இளகியது இங்கே, புயல் காட்சிக்கும் முன்னால்.

குளோஸ்டர் பிரபுவின் கதையைக் கிளைக்கதைதானே என்று தாண்டிவிடுகிறவர்கள் உண்டு. மூன்றாம் அங்கத்தில் ரீகனின் கணவன் கார்ன்வால் அவருடைய கண்ணைப் பிடுங்கும்போது, சிறுவயதிலிருந்து உங்களிடம் வேலை பார்க்கிறேன், நிறுத்துங்கள் என்று எஜமானுக்கு எதிராகவே வாளை உருவுகிறான் ஒரு வேலைக்காரன். பேர்கூட இல்லாதவன், அதற்காக உயிரையும் விடுகிறான். நாடகம் முதலில் அச்சான 1608 பதிப்பில் அதன்பின் இரண்டு வேலைக்காரர்கள், குளோஸ்டரின் காயத்தில் வைக்க நாரும் முட்டை வெள்ளைக்கருவும் எடுத்துவரப் பேசிக்கொள்வார்கள். ஷேக்ஸ்பியர் நாடகங்களின் தொகுப்பாக வந்த 1623 பதிப்பில் இந்தப் பேச்சு இல்லை, உங்கள் கையில் இருப்பதில் இருக்கிறதா என்று பாருங்கள்.

கடைசிக் காட்சியைக் கண்ணால் மட்டும் ஓட்டாமல் வாய்விட்டுப் படியுங்கள். லியர் இறந்துபோன கார்டீலியாவைப் பார்த்து, நீ இனி வரமாட்டாய் என்று சொல்லிவிட்டு, 'ஒருபோதும்' என்பதை 1623 பதிப்பில் ஐந்து முறை சொல்கிறார். கண் அதை ஒரு நொடியில் தாண்டிவிடும், வாய்க்கு முடியாது, மூன்றாவதிலேயே குரல் இறங்கிவிடும். அடுத்த வரியில், முதல் காட்சியில் நாட்டையே பிரித்துக் கொடுத்த அந்த ராஜா, பக்கத்தில் நிற்பவரிடம் இந்தப் பொத்தானைக் கொஞ்சம் கழற்றிவிடுங்கள் என்று கேட்டு, நன்றி ஐயா என்கிறார்.