ஜப்பான் பயணம்: சாப்ஸ்டிக்கை விடுங்கள், சூப்பைக் கவனியுங்கள்

ஜப்பானுக்கு டிக்கெட் போட்டதும் பலர் யூடியூபில் தேடுவது மரியாதைப் பாடங்களைத்தான். எவ்வளவு குனிய வேண்டும், சாப்ஸ்டிக்கை எப்படிப் பிடிக்க வேண்டும் என்றெல்லாம். அதற்காகத் தூக்கம் கெட வேண்டியதில்லை. சுஷியைக் கையால் எடுத்தே சாப்பிடலாம், ஜப்பானியர்களும் சாப்பிடுவார்கள். சாப்ஸ்டிக்கில் இரண்டை மட்டும் தவிருங்கள். சோற்றில் செங்குத்தாகக் குத்தி வைக்காதீர்கள், இறந்தவருக்குப் படைக்கும் சோற்றில்தான் அப்படி வைப்பார்கள். உங்கள் குச்சியிலிருந்து இன்னொருவர் குச்சிக்கு உணவைக் கைமாற்றாதீர்கள். தகனத்துக்குப் பிறகு எலும்பை அப்படித்தான் எடுத்துக் கொடுப்பார்கள்.

பயணத்தைக் கெடுக்கும் தவறுகள் வேறு. சைவம் சாப்பிடுபவர்களுக்கு முதலாவது, கறித்துண்டு கண்ணில் படவில்லை என்றால் சைவம் என்று நம்பிவிடுவது. ஜப்பானியச் சமையலின் அடித்தளமே தஷி என்ற சாறு. அதைப் பெரும்பாலும் கட்சுவோபுஷி போட்டுத்தான் எடுப்பார்கள். சூரை மீனை வேகவைத்து, புகை போட்டு, கட்டை மாதிரி காயவைத்துச் சீவுவதுதான் கட்சுவோபுஷி. இலங்கைச் சமையலில் போடும் மாசியும் இதே மீன்தான். மிசோ சூப், உதோன், சோபா ஆகிய நூடுல்ஸ் வகைகள், பொரித்த தோஃபுவின் மேல் ஊற்றும் சாறு என்று எல்லாவற்றிலும் இது இருக்கும். சுடச்சுட வரும் ஒகோனோமியாகி என்ற அடை மாதிரியான பண்டத்தின் மேல் மெல்லிய செதில்கள் ஆவி பட்டு நெளிந்து ஆடுமே, அதுவும் இதேதான்.

"வெஜிடேரியன்" என்று சொன்னால் பரிமாறுபவர் தலையாட்டிவிட்டு, கறியை மட்டும் எடுத்துவிட்டுக் கொண்டுவரலாம். அவரைக் குறை சொல்ல முடியாது, பலருக்குச் சூப்பில் உள்ள மீன் கணக்கிலேயே வராது. 'இறைச்சி, மீன், மீனில் எடுத்த தஷி எதுவும் சாப்பிட மாட்டேன்' என்பதை ஜப்பானிய எழுத்தில் போனில் சேமித்து வைத்துக் காட்டுங்கள். கொம்பு என்ற கடற்பாசியில் எடுத்த தஷி என்றால் பிரச்சினை இல்லை. ஷோஜின் ரியோரி என்ற பௌத்த மடச் சாப்பாட்டில் மீனும் கிடையாது, வெங்காயம் பூண்டும் கிடையாது. கோயாசான் மலைக் கோயில்களில் தங்கினால் இரவிலும் காலையிலும் அதுவே கிடைக்கும்.

மொழியைப் பொறுத்தவரை, நூறு வாக்கியம் மனப்பாடம் செய்வது வீண். 'சுமிமாசென்' ஒன்றே பரிமாறுபவரைக் கூப்பிட, கூட்டத்தில் வழி கேட்க, இடித்துவிட்டால் மன்னிப்புக் கேட்க என எல்லாவற்றுக்கும் போதும். பெயருக்குப் பின் 'சான்' போடுவது மற்றவர்களுக்கு மட்டும், உங்கள் பெயரோடு நீங்களே சேர்த்துக்கொள்ளாதீர்கள். குறில் நெடிலை மட்டும் விழுங்கிவிடாதீர்கள். கட்டடம் என்றால் பிரு, பியர் என்றால் பீரு. தமிழ் வாய்க்கு இது எளிது.

அடுத்த தவறு, யோசிக்காமல் ஜப்பான் ரயில் பாஸ் வாங்குவது. 2023 அக்டோபரில் ஏழு நாள் சாதாரண பாஸ் 29,650 யென்னிலிருந்து 50,000 யென் ஆகிவிட்டது. டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்கு ஷின்கான்சென் என்ற புல்லட் ரயிலில் ஒரு வழிக்கு ஏறத்தாழ 14,000 யென்தான். அங்கே போய்த் திரும்புவது மட்டும்தான் திட்டம் என்றால் பாஸ் நஷ்டம். பழைய பதிவுகளில் 'கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள்' என்று எழுதியிருந்தால் தேதியைப் பாருங்கள். அந்த வண்டியில் பெரிய பெட்டி கொண்டுபோகவும் விதி உண்டு. நீளம், அகலம், உயரம் கூட்டி 160 சென்டிமீட்டரைத் தாண்டினால் அதற்கான இருக்கையை முன்பதிவு செய்ய வேண்டும். இல்லையென்றால் 1,000 யென் வசூலிப்பார்கள். பெட்டியைத் தக்யுபின் கூரியரில் அடுத்த ஓட்டலுக்கு அனுப்பிவிடுவது இன்னும் நிம்மதி.

ஊர் சுற்றுவதில் நம்மவர்கள் கோட்டைவிடுவது நேரத்தில்தான். மெதுவாக எழுந்து, மதியம் கிளம்பி, சாயங்காலம் கோயில் பார்க்கலாம் என்ற கணக்கு அங்கே செல்லாது. கியோட்டோவின் பொற்கோயிலான கின்காகுஜி மாலை 5 மணிக்கே மூடிவிடும். பல அருங்காட்சியகங்களுக்குத் திங்கள் விடுமுறை, அந்தத் திங்கள் அரசு விடுமுறையாக இருந்தால் செவ்வாய் பூட்டிவிடுவார்கள். அதே ஊரின் ஃபுஷிமி இனாரி கோயில் மட்டும் இரவும் பகலும் திறந்திருக்கும், அதனால் விடியற்காலையில் அங்கே போய்விடுங்கள். பத்து மணிக்குப் போனால் சிவப்பு வாயில்களை விடத் தலைகள்தான் அதிகம் தெரியும். கியோட்டோவின் கியோன் பகுதியில் கெய்ஷாக்கள் என்ற பாரம்பரிய ஆடல் பாடல் கலைஞர்களைப் படமெடுக்கச் சந்துக்குள் துரத்திக்கொண்டு ஓடாதீர்கள். அங்குள்ள தனியார் சந்துகளில் 2024 முதல் சுற்றுலாப் பயணிகளுக்கு அனுமதி இல்லை, மீறினால் 10,000 யென் அபராதம் என்று பலகை வைத்திருக்கிறார்கள்.

அப்புறம் இரவு. டோக்கியோ தூங்காது, ஆனால் அதன் ரயில்கள் தூங்கும். நள்ளிரவை ஒட்டிக் கடைசி வண்டி போய்விட்டால் காலை ஐந்து மணி வாக்கில்தான் அடுத்தது. இடையில் டாக்சிதான், அதன் மீட்டர் ஓடுவதைப் பார்த்தால் வயிறு கலங்கும். சாப்பாட்டுக் கடைகளிலும் மூடுவதற்கு அரைமணி முன்பே கடைசி ஆர்டரை நிறுத்திவிடுவது வழக்கம்.