எட்டு எக்செல்லுக்குள் ஒன்றைத் தேடுவது

மாதக் கடைசியில் என் விண்டோஸ் கணினியில் எக்செல் மட்டுமே எட்டு திறந்திருக்கும். கூடவே டேலி, குரோம், இரண்டு பிடிஎஃப். ஆல்ட்டைப் பிடித்தபடி டேப்பைத் தட்டினால் திறந்திருப்பவை எல்லாம் பட்டியலாக வரும்; தட்டிக்கொண்டே போனால் வேண்டியதைத் தாண்டிவிடுவேன். ஷிஃப்டையும் சேர்த்தால் பின்னோக்கி வரும் என்பது தாமதமாகத்தான் தெரிந்தது. கன்ட்ரோல், ஆல்ட், டேப் மூன்றையும் அழுத்திவிட்டால் கையை எடுத்தாலும் பட்டியல் மறையாது. அம்புக்குறி விசையால் நிதானமாகத் தேடி என்டர் தட்டலாம்.

எக்செல்லுக்குள் மட்டும் தேட வேண்டுமா? கன்ட்ரோலைப் பிடித்தபடி டாஸ்க்பாரில் அதன் ஐகானைக் க்ளிக் செய்யுங்கள், ஒவ்வொன்றாக முன்னே வரும். பட்டியலில் தெரியும் சின்னப் படத்தை நம்பாதீர்கள், எல்லா ஷீட்டும் ஒரே முகம்தான். அப்படி நம்பி மார்ச் சம்பளத்தை ஏப்ரலில் ஒட்டியவன் நான். அப்புறம்தான் கோப்பின் பெயரில் மாதத்தை முதலில் போட ஆரம்பித்தேன்: ‘03 சம்பளம்’. நீளப் பெயரின் வால்தான் வெட்டுப்படும், தலை தெரியும்.