அடுத்த ஊருக்கு வீடு மாற ஆள் பிடிப்பதா, நாமே ஏற்றுவதா?

யாழ்ப்பாணத்தில் கோண்டாவிலில் இருந்து ஆனைக்கோட்டைக்கு வீடு மாறுகிறவரிடம் கேட்டால் "இந்தா இருக்கிற தூரம், ரெண்டு நடையில முடிஞ்சிடும்" என்பார். ஓட்டத்துக்குப் பிடிப்பது கால் மணி, மிஞ்சினால் இருபது நிமிடம்தான். மிச்ச நேரமெல்லாம் அறையிலிருந்து படலை வரைக்கும், அங்கே படலையிலிருந்து புது அறை வரைக்கும் தூக்குவதில் போகிறது. நூறு கிலோமீற்றர் போனாலும் ஐந்து கிலோமீற்றர் போனாலும் அந்தத் தூக்கல் ஒன்றுதான். சாமான் உடைவதும் முதுகு பிடிப்பதும் அந்த ஐம்பது அடிக்குள்தான். ஆகவே ஆள் பிடிப்பதா இல்லையா என்பதை வரைபடத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். வீட்டுக்குள்ளே ஒரு சுற்று நடந்து பார்த்து முடிவெடுங்கள்.

கொப்பியும் அளவு நாடாவும் எடுத்துக்கொண்டு அறை அறையாகப் போங்கள். ஒருவர் தூக்கக்கூடியது, இருவர் தூக்கவேண்டியது, மூவர் இல்லாமல் நகராதது என்று மூன்று நிரல் போட்டு எழுதுங்கள். முதல் நிரல் எவ்வளவு நீண்டாலும் கவலையில்லை. கதிரை, பாய், சட்டி பானை எல்லாம் மோட்டார் சைக்கிளிலும் ஓட்டோவிலும் போய்விடும். முடிவைச் சொல்வது மூன்றாவது நிரல். இரும்பு அலுமாரி, தேக்கு அல்லது வேம்பு மர அலுமாரி, இரட்டைக் கதவுப் பிறிட்ஜ், கண்ணாடி போட்ட ஷோகேஸ், கல் கிரைண்டர், ஆட்டுக்கல் எல்லாம் அதில் வரும். பிறிட்ஜை இருவர் தூக்கலாமே என்று தோன்றும். சமதரையில் தூக்கலாம், மூன்று படி ஏறவேண்டி வந்தால் மூன்றாமவர் வேண்டும்.

அந்த நிரலில் இரண்டு சாமானுக்கு மேல் இல்லை, இரண்டு வீடும் கீழ்வீடு என்றால் ஆள் பிடிக்கத் தேவையில்லை. உடம்பில் வலுவுள்ள மூன்று பேர் வீட்டிலோ அயலிலோ இருந்தால் ஒரு பட்டா (சின்ன லொறி) போதும். அந்த நிரலில் மூன்று முதல் ஐந்து சாமான் வரை இருந்தால் வாகனத்தோடு ஏற்றி இறக்க மூன்று பேரை அரை நாளைக்குப் பேசுங்கள், பொதி கட்டுவதை நீங்களே செய்யுங்கள். யாழ்ப்பாணத்தில் பெரும்பாலான வீடுகளுக்குச் சரிவருவது இந்த நடுவழிதான். அதற்கு மேல் போனாலோ, இரண்டில் ஒரு வீடு மேல்மாடி என்றாலோ, இந்த வேலையே தொழிலாகச் செய்கிற குழுவைக் கூப்பிடுங்கள். மேல்மாடிக்குச் சாமான் ஏற்றுவது பழகின கை செய்யவேண்டிய வேலை. மூன்றடி அகலப் படிக்கட்டு ஒன்று நடுவில் திரும்பும் இடத்தில் ஆறரை அடி அலுமாரி திரும்பாது. அதைக் கயிறு கட்டி பல்கனியால்தான் இழுப்பார்கள். மேலே மூவர், கீழே இருவர், எப்போது இழுப்பது எப்போது பிடிப்பது என்று குரல் கொடுக்க ஒருவர். இதில் புதிதாகப் பழகக்கூடாது.

இன்னொரு கணக்கு திறப்பு. பழைய வீட்டுத் திறப்பும் புது வீட்டுத் திறப்பும் ஒரு கிழமைக்கு உங்கள் கையில் ஒன்றாக இருக்குமென்றால், சின்னச் சாமானெல்லாம் பின்னேரங்களில் கொண்டுபோய், கடைசி நாளுக்குப் பெரிய சாமானை மட்டும் மிச்சம் வைக்கலாம். இன்று விட்டு இன்றே ஏறவேண்டும் என்றால் கூலி கொடுத்தாலும் ஆள் பிடிப்பதே மலிவு. வீட்டுக்காரரிடம் ஐந்து நாள் முன்னதாகத் திறப்பைக் கேட்டுப் பாருங்கள். பலர் தருவார்கள், கேட்காதவர்களுக்குத்தான் கிடைப்பதில்லை.

வாகனம்

வாகனத்தில்தான் கணக்குத் தவறுவது கூட. பட்டாவின் பெட்டி ஏழு அடி நீளம், ஐந்து அடிக்குச் சற்றுக் குறைந்த அகலம். ஏற்றக்கூடிய எடை முக்கால் தொன்னுக்குள். வாடகை குறைவென்று அதைப் பிடிக்கிறார்கள். மூன்று பேர் ஏற்ற நாற்பது நிமிடம், ஓட இருபது, இறக்க முப்பது, திரும்பி வர இருபது: ஒரு நடைக்கு இரண்டு மணித்தியாலத்துக்குக் கிட்ட. இரண்டு அறை வீட்டுக்குக் குறைந்தது மூன்று நடை வரும், நான்காவதும் வந்தால் பின்னேரமாகிவிடும். பதினாலரை அடி லொறி ஏறத்தாழ நான்கு பட்டாச் சாமானை ஒரே நடையில் கொள்ளும். வாடகை கூடினாலும் ஆட்களின் நேரம் பாதியாகிறது. நாலு மணித்தியாலத்தில் வேலை முடிந்தால் அரை நாள் கூலி, ஏழு மணித்தியாலம் இழுத்தால் முழு நாள் கூலியும் மத்தியானச் சாப்பாடும். ரூபாக் கணக்கை இங்கே எழுதிப் பயனில்லை, டீசல் விலையோடு மாறும். நடை எண்ணிக்கையை வாகன வாடகையால் பெருக்கி, அதோடு கூலியைக் கூட்டி, இரண்டு வாகனத்துக்கும் தனித்தனியே போட்டுப் பாருங்கள். அநேகமாகப் பெரிய லொறி வெல்லும்.

ஆனால் லொறி உள்ளே வர ஒழுங்கை இடம் விட்டால்தான். பலாலி வீதியிலும் மானிப்பாய் வீதியிலும் லொறி தாராளமாக வரும். அங்கிருந்து உள்ளே திரும்பும் ஒழுங்கைதான் சிக்கல். லொறியின் உடம்பு ஆறரை, ஏழு அடி. இரண்டு பக்கமும் மதில் என்றால் ஒன்பது அடி அகலம் இல்லாமல் உள்ளே விடாதீர்கள், முடக்கில் அதற்கும் மேலே வேண்டும். அளக்கவேண்டியது வாசலடியை அல்ல, ஒழுங்கையின் ஆக ஒடுங்கிய இடத்தை. அது பெரும்பாலும் ஒரு மின்கம்பமோ, மதிலுக்கு வெளியே தள்ளி நிற்கும் வேப்பமரமோ இருக்கிற இடம். தலையை நிமிர்த்தியும் பாருங்கள். தாழ்ந்து தொங்கும் இன்ரநெற் வயரையும் மாங்கொப்பையும் கூண்டு லொறி இழுத்துக்கொண்டு போகும். வயர் அறுந்தால் அயலட்டையோடு முதல் நாளே மனஸ்தாபம். லொறி சந்தியில் நிற்க, அங்கிருந்து இருநூறு அடி கையால் சுமப்பது என்றால் நேரம் இரட்டிக்கும். அந்த இடத்தில் பட்டாதான் புத்தி.

உழவு இயந்திரப் பெட்டியும், இரண்டு சில்லு உழவு இயந்திரமான லான்ட்மாஸ்டரும் மலிவாகக் கிடைக்கும். பெட்டிக்கு ஸ்பிரிங் கிடையாது, குழியில் விழுந்தால் அந்த அடி முழுவதும் சாமானுக்குத்தான். தண்ணீர்த் தாங்கி, விறகு, பூச்சாடி, அம்மி, கதிரை மேசை ஏற்றலாம். பிறிட்ஜும் ரீவியும் கண்ணாடியும் ஏற்றவேண்டாம்.

பேசும்போது

"சாமான் ஏத்தி இறக்க எவ்வளவு?" என்று மட்டும் கேட்டு ஒத்துக்கொண்டால் பின்னேரம் வாய்த்தர்க்கம் நிச்சயம். ஒரு நடைக்கா, நாளுக்கா? சாரதியும் தூக்குவாரா, இருக்கையை விட்டு இறங்கமாட்டாரா? எத்தனை பேர் வருவார்கள்? கட்டில் கழற்றிப் பூட்டுவது இதற்குள் அடங்குமா? காத்து நின்றால் மேலதிகமா? கயிறும் தறப்பாளும் அவர்களுடையதா? இவற்றுக்குப் பதில் வாங்குங்கள். மூன்றாவது நிரல் சாமானையும் இரண்டு வீட்டு வாசலையும் ஒழுங்கையையும் படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு விலை கேட்பது ஆக நல்லது. பார்த்துச் சொன்ன விலையை இறக்கும்போது கூட்டிக் கேட்க வாய் வராது. உடைந்தால் என்ன செய்வது என்பதையும் அப்போதே பேசுங்கள். வாகனத்தின் காப்புறுதி பொதுவாக வாகனத்துக்குத்தான், உள்ளே இருக்கும் உங்கள் ரீவிக்கல்ல. காணி உறுதி, அடையாள அட்டை, நகை, மருந்து, பிள்ளைகளின் சான்றிதழ் எல்லாம் லொறியில் ஏறக்கூடாது. ஒரு பையில் போட்டு உங்கள் கையோடு.

மச்சானும் மருமக்களும் கூட்டாளிமாரும் சும்மா வந்து தூக்குவார்களே என்பது நல்ல யோசனைதான், வந்தால். ஆறு பேர் வருகிறோம் என்றால் மூவர் வருவார்கள், அதில் ஒருவருக்கு நாரி நோ. தேத்தண்ணி, வடை, மத்தியானம் கொத்து, பிறகு அவர்கள் வீடு மாறும்போது நீங்கள். கூட்டிப் பார்த்தால் சிலவேளை கூலியாட்களை விடக் கூடவே முடியும். உறவுக்காரரைப் பெட்டி கட்டவும், புது வீட்டில் நின்று "இது குசினிக்கு, அது முன் அறைக்கு" என்று சொல்லவும் வையுங்கள். பாரத்தைக் கூலிக்கு விடுங்கள்.

நாள் பார்ப்பதும் செலவோடு சேர்ந்த விஷயம். ஆடியிலும் மார்கழியிலும் யாரும் குடிபோகாததால் ஆவணியிலும் தையிலும் நல்ல நாளில் எல்லாரும் ஒரே நேரத்தில் லொறி தேடுவார்கள். அன்று வாகனமும் கிடையாது, பேரம் பேசவும் முடியாது. இதற்கு வழி இருக்கிறது: சுபநேரத்தில் சாமிப்படம், குத்துவிளக்கு, நிறைகுடம், உப்பு, மஞ்சள், அரிசி எல்லாம் ஓட்டோவில் கொண்டுபோய்ப் பால் காய்ச்சிவிடுங்கள். லொறியை இரண்டு நாள் கழித்து ஒரு சாதாரண நாளில் பேசுங்கள். சனிக்கிழமை ஒன்பது மணிக்கு வரச் சொல்லுகிறவர்களும் உண்டு. ஒன்பதிலிருந்து பத்தரை வரை இராகுகாலம். வீட்டுப் பெரியவர்கள் முதல் சாமானைத் தூக்கவிடமாட்டார்கள், ஆட்கள் திண்ணையில் இருந்து பீடி பிடிப்பார்கள், நேரம் உங்கள் கணக்கில் ஓடும். ஏழு மணிக்கே வரச்சொல்லுங்கள். கிழமை நாளென்றால் பள்ளிக்கூடம் தொடங்கும் ஏழரைக்கும் விடும் ஒன்றரைக்கும் நகருக்குள் லொறியோடு நிற்காதீர்கள். நல்லூர்த் திருவிழாவின் இருபத்தைந்து நாளும் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகள் மூடப்பட்டிருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தறப்பாள் இல்லாத வாகனத்தை ஏற்கவே வேண்டாம்.

அலுமாரியும் பிறிட்ஜும்

இரும்பு அலுமாரியைத் தூக்குவதில் தெரிந்துவிடும், வந்தவர்கள் பழகினவர்களா இல்லையா என்று. தட்டுகளையும் லாச்சியையும் முதலில் வெளியே எடுக்கவேண்டும். கதவைப் பூட்டித் திறப்பைக் கழற்றி விடவேண்டும், பூட்டில் விட்டால் சுவரில் உரசித் திறப்பு உடைந்து உள்ளே சிக்கும். கைபிடியைச் சுற்றித் துணி கட்டி, நடுவிலும் கீழேயும் இரண்டு சுற்றுக் கயிறு. பிறகு ஒருவர் மேல்பக்கத்தைத் தாங்க, அலுமாரியை முதுகுப் பக்கமாகச் சாய்த்து, இருவர் அடியைப் பிடிப்பார்கள். பாரம் அடியில் நிற்பவர்களிடம்தான் இருக்கும், அதனால் வலுவான இருவர் அங்கே. மாபிள் நிலத்தில் தூக்காமல் நகர்த்துவதற்கு, அடியில் ஈரச் சாக்கை மடித்து வைத்தால் கீறாமல் வழுக்கிப் போகும். மர அலுமாரி என்றால் முதலில் அடிப்பலகையைத் தட்டிப் பாருங்கள். பொத்தென்று சத்தம் கேட்டால் கறையான் தின்றிருக்கிறது. அதில் கை கொடுத்துத் தூக்கினால் அடி கையோடு வரும், மேல் பாதி நிலத்தில் நிற்கும். பக்கச் சட்டத்தில் பிடித்துத் தூக்கவேண்டும். புது இடத்தில் வைத்ததும் கதவு ஒட்டாமல் நின்றால் அலுமாரி பழுதில்லை, நிலம் சமமில்லை. ஒரு காலின் கீழே மட்டை மடித்து வைத்தால் சரியாகும்.

பெட்டிக்குப் பழக்கடையில் அப்பிள் பெட்டி கேளுங்கள், பிஸ்கற் பெட்டியை விட அடி உறுதி. புத்தகத்தைச் சின்னப் பெட்டியில் மட்டும், பதினைந்து கிலோவுக்கு மேல் போகாமல். குசினிச் சாமானுக்குக் கடகமும் உரப்பையும் போதும். பீங்கானைப் பேப்பர் சுற்றி நிறுத்தி அடுக்குங்கள், படுக்கவைத்தால் கீழே உள்ளது நொறுங்கும். கட்டிலின் போல்ட், நட்டை ஒரு சின்னப் பையில் போட்டு அந்தக் கட்டில் சட்டத்திலேயே செலோரேப்பால் ஒட்டிவிடுங்கள், "எல்லா ஆணியும் ஒரு டப்பாவுக்குள்" என்று போட்டால் இரவு நிலத்தில் பாய் விரித்துத்தான் படுக்கவேண்டும்.

காஸ் சிலிண்டர் நிமிர்ந்தபடிதான் போகவேண்டும். வால்வை மூடி றெகுலேற்றரைக் கழற்றி, ஓரத்தில் கயிற்றால் கட்டி. நிரம்பிய 12.5 கிலோ சிலிண்டர் இரும்போடு சேர்த்து 25 கிலோவுக்குக் கிட்ட வரும், மூடிய ஓட்டோவுக்குள் ஏற்றாதீர்கள். இன்வேற்றர் பற்றரியும் அப்படியே, சாய்ந்தால் அமிலம் கசியும். ரீவியைப் படுக்கவைக்காமல் இரண்டு மெத்தைக்கு நடுவில் நிறுத்துங்கள். கிணற்று மோட்டரை ஆகக் கடைசியாகக் கழற்றவேண்டும், வீட்டைக் கழுவ அதுதான் வேண்டும். மின்மானி வாசிப்பைத் திகதியோடு படம் எடுத்த பிறகே திறப்பைக் கொடுங்கள், அடுத்த மாதப் பில் யாருடையது என்ற பேச்சு வராது.

பிறிட்ஜை முதல் நாள் இரவே நிறுத்தி, கதவைத் திறந்து வைத்து ஐஸை உருகவிடுங்கள். பின்னால் உள்ள தண்ணீர்த் தட்டையும் வெறுமையாக்கவேண்டும், இல்லாவிட்டால் அந்தத் தண்ணீர் லொறியில் மெத்தை மேல் ஊற்றும். நிமிர்த்தியே கொண்டுபோங்கள், சரித்தாலும் 45 பாகைக்குள். படுக்கவைத்தால் கொம்பிறசரின் எண்ணெய் குழாய்க்குள் ஓடும், உடனே போட்டால் கொம்பிறசர் பழுதாகும். நிமிர்ந்தே வந்திருந்தால் இரண்டு மூன்று மணித்தியாலம் விட்டுப் போடலாம், படுத்து வந்திருந்தால் அடுத்த நாள் காலைதான். அன்றைக்கு மீனும் பாலும் வாங்காதீர்கள்.